ஒரு கல்லுக்கு இரண்டு குளியாட்கள்

உடலும் உழைப்பும் – 11

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியரின் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் விவரித்திருக்கிறார். அவர் சொன்ன காயல் இன்றைய காயல்பட்டினமா, தாமிரபரணி முகத்துவாரத்துப் பழையகாயலா என்ற வழக்கு கால்டுவெல் காலத்திலிருந்தே நடக்கிறது. இந்த வாரம் அதற்குள் போகவில்லை. எனக்கு வேண்டியது அவர் சொன்ன ஆழம். குளியாட்கள் 4 முதல் 12 பாகம் வரை இறங்கி, மூச்சு தாங்கும் மட்டும் அடியில் இருப்பார்கள் என்கிறார். ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர். 12 பாகத்துக்குக் கீழே போனவனின் உடலைக் கரையில் இருப்பதைப் போல மூன்று மடங்கு அழுத்தம் நெருக்கும்.

குளிப்பு நடந்த விதத்தைப் பிற்கால ஆவணங்கள் விரிவாகவே சொல்கின்றன. கயிற்றில் கட்டிய கல்லின் மேல் பாதத்தை ஊன்றி, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குளியாள் நேராக இறங்குவான். அவன் கடலடியில் சிப்பிகள் கிடக்கும் பாரைத் தொட்டதும் தோணியில் நிற்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். ஒரு நிமிடம் முன்பின்னாகச் சிப்பிகளை வலைப்பையில் வாரிப் போட்டுவிட்டுக் கயிற்றை அசைத்தால் அவனையும் இழுப்பார்கள். ஒரு கல்லுக்கு இரண்டு குளியாட்கள். ஒருவன் குளிக்கும்போது மற்றவன் இளைப்பாறுவான். பிறகு முறை மாறும். இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த ஒரு நிமிடத்தில் உடலுக்குள் என்ன நடக்கிறது? 1962இல் உடலியல் ஆய்வாளர் ஷொலாண்டரும் கூட்டாளிகளும் ஆஸ்திரேலியாவின் வடக்கே டாரஸ் நீரிணை முத்துக்குளிப்பாளர்களிடம் அதை அளந்தார்கள். மூழ்கியதும் இதயத்துடிப்பு குறைந்தது. உழைத்த தசைகளில் உண்டான லாக்டிக் அமிலம் நீருக்குள் இருந்தவரை இரத்தத்தில் அதிகம் தென்படவில்லை. மேலே வந்து மூச்சு விட்ட பிறகுதான் பெருகி வந்தது. கை கால்களுக்குப் போகும் இரத்தத்தைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் உயிர்க்காற்றை உடலே மிச்சம் பிடிக்கிறது என்பதற்கு அது சாட்சி. 1990இல் கொரியக் குளிப்புப் பெண்களைப் பரிசோதித்தபோது இன்னொன்று தெரிந்தது. திரும்பத் திரும்ப மூழ்கியதில் மண்ணீரல் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி, தன்னிடம் இருந்த சிவப்பணுக்களை இரத்தத்தில் இறக்கிவிட்டிருந்தது. மலேரியாவில் வீங்கும் உறுப்பு என்ற அளவில்தான் நம்மில் பலருக்கு மண்ணீரலைத் தெரியும். குளியாளுக்கு அது உள்ளேயே இருக்கும் கையிருப்பு.

2018இல் மரபணு ஆய்வாளர் மெலிசா இலார்டோவின் குழு இந்தோனேசியாவின் சுலவேசியில் பஜாவ் கடலோடிகளின் மண்ணீரலை ஸ்கேன் செய்து பார்த்தது. பக்கத்தில் வாழும் சலுவான் மக்களுடையதைவிட அது ஏறத்தாழ பாதி அளவு கூடுதலாகப் பெரிதாக இருந்தது. கடலில் குளிக்காத பஜாவ்களுக்கும் அப்படித்தான்! பழக்கத்தால் வந்ததாக இருந்தால் குளிக்காதவர்களிடம் அது இருக்கக் கூடாது. தைராய்டு சுரப்போடு தொடர்புள்ள ஒரு மரபணு வேறுபாட்டை அதற்குக் காரணமாகக் காட்டினார்கள். அதே இலார்டோ 2025இல் கொரியாவின் ஜேஜு தீவு ஹேன்யோ எனப்படும் குளிப்புப் பெண்களைப் பற்றி எழுதியதில் விடை இரண்டாகப் பிரிந்தது. மூழ்கும்போது இதயம் அவ்வளவு மெதுவாவது ஆயுள் முழுக்கச் செய்த பயிற்சியால் வந்தது. இரத்த அழுத்தம் மிகாமல் காக்கும் ஒரு கூறு, குளிக்காத ஜேஜு பெண்களின் மரபணுவிலும் இருக்கிறது. மன்னார் வளைகுடாக் கரையிலும் பல நூற்றாண்டுகள் தகப்பன், மகன் என்று வழிவழியாகக் குளித்தவர்கள் இருக்கிறார்கள். இந்த ஆராய்ச்சி இங்கேயும் நடக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

ஆனால் உடல் தாங்குவதற்கும் எல்லை உண்டு. போல்-எரிக் பாலெவ் என்ற டென்மார்க் மருத்துவர் நார்வே கடற்படையின் பயிற்சித் தொட்டியில் 20 மீட்டர் வரை மூச்சடக்கி மூழ்கிக்கொண்டிருந்தார். 5 மணி நேரத்தில் சுமார் 60 முறை. ஒவ்வொரு முறையும் நீருக்குள் 2 நிமிடம். மேலே ஓரிரு நிமிடம் மட்டுமே ஓய்வு. முடித்தபின் தலைசுற்றலும் குமட்டலும் வந்தன, இடுப்பு வலித்தது. பிறகு பார்வை மங்கி வலது கை வலுவிழந்தது. அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை தந்ததும் தேறிவிட்டார். தனக்கு நேர்ந்ததைத் தானே 1965இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். குழாய் வழியே அழுத்தக் காற்றைச் சுவாசிப்பவருக்குத்தான் இந்த அழுத்தக்குறைவு நோய் வரும், மூச்சடக்கிக் குளிப்பவருக்கு வராது என்றே அதுவரை மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். ஆழத்தில் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. அது வெளியேற நேரம் கொடுக்காமல் மறுபடி மறுபடி மூழ்கினால் சேர்ந்துகொண்டே போகும். பிறகு மேலே வரும்போது, கோலி சோடாவை உடைத்ததுபோல் உள்ளேயே குமிழி கிளம்பும்.

பசிபிக் கடலின் துவாமோட்டு தீவுகளில் முத்துச்சிப்பி எடுப்பவர்களுக்கு இது பழகிய நோய், தாராவானா என்பார்கள். அங்கே ஒரே நாளில் குளித்த 235 பேரில் 47 பேருக்கு அது கண்டதையும், அவர்களில் இருவர் இறந்ததையும் இ.ஆர். கிராஸ் என்பவர் பதிவு செய்தார். பக்கத்து மங்கரேவா தீவிலோ நோயே இல்லை. அங்கே ஒரு குளிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 12 நிமிடமாவது ஓய்வு எடுப்பார்கள்.

இப்போது நம் தோணிக்குத் திரும்பலாம். ஒரு கல்லுக்கு இரண்டு பேர் என்ற முறை களைப்பாற வைத்ததாகத்தான் ஏடுகள் சொல்கின்றன. நைட்ரஜன் வெளியேறவும் அதுவே இடம் கொடுத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. சங்கு குளிப்பது நிற்கவில்லை. இன்று கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். குழாயில் காற்று வருகிறவரை மேலே வர அவசியமில்லை, மூச்சு விதித்த எல்லை போய்விட்டது. ஹோண்டுராஸில் இப்படி லாப்ஸ்டர் பிடிக்க இறங்கிய மிஸ்கிட்டோ மக்களில் கால் விளங்காமல் போனவர்கள் ஏராளம். 42 பேர் சார்பாக நடந்த வழக்கில், 2021இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் அந்நாட்டு அரசைப் பொறுப்பாக்கியது. முடங்காமல் தப்பியவருக்கும் சில வருடம் கழித்துத் தொடை எலும்பின் தலைப்பகுதி இரத்தமில்லாமல் இற்றுப்போகலாம்.

நோயாளியிடம் தொழிலைக் கேள் என்று 1700இலேயே இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி மற்ற மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டார். காயல்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ ஒருவர் கால் மரத்து, சிறுநீர் போகாமல், தலைசுற்றி வந்தால், அது பக்கவாதம் என்றோ குடி என்றோ எழுதுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எத்தனை பாகம் இறங்கினாய், எவ்வளவு நேரம் அடியில் இருந்தாய், நடுவில் எவ்வளவு ஓய்வு? குளிப்புதான் காரணம் என்று சந்தேகம் வந்தவுடன் சுத்த ஆக்சிஜன் முகமூடி மாட்டிப் படுக்க வைத்து, அழுத்த அறை உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் கால் திரும்பாமலே போகலாம். வானூர்தியில் கொண்டுபோவதென்றால் தாழத்தான் பறக்க வேண்டும். உயரம் கூடக் கூடக் குமிழியும் பெருக்கும்.

(தொடரும்)