தாம்பரம் வீட்டுக்கு ஏற்ற கொய்யா

பேரி, பிளம் போன்ற மரங்கள் பூக்கப் பல வாரக் குளிர் வேண்டும். தாம்பரத்து மார்கழிப் பனி அதற்குப் போதாது. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் மிஞ்சியிருந்தால் கொய்யா வையுங்கள். சற்று உப்பேறிய கிணற்று நீரையும் நம் கோடையையும் தாங்கும் மரம் அது.

ரகம்தான் முதல் வேலை. லக்னோ-49, 1927-ல் புணே கணேஷ்கிந்த் பண்ணையில் அலகாபாத் சஃபேதா நாற்றுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. தாழப் படரும், நிறையக் காய்க்கும். கடிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் இருந்தால் மென்மையான விதையுள்ள அர்கா மிருதுளா. சிவந்த சதை வேண்டுமென்றால் அர்கா கிரண். இவ்விரண்டும் பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகங்கள். ஒரே மரத்துக்குத்தான் இடம் என்றால் என் தேர்வு லக்னோ-49. எந்த ரகமானாலும் பதியன் அல்லது ஒட்டுக்கன்றாகக் கேட்டு வாங்குங்கள். விதைக்கன்றில் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது.

ஆடி, ஆவணியில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஒன்றரை அடி வரும்படி குழி எடுங்கள். பல்லாவரம், குரோம்பேட்டைக் குன்றுப் பக்கத்தில் சீக்கிரமே சரளை தட்டும். கடப்பாரையால் அதை உடைத்து, மக்கிய தொழு உரமும் செம்மண்ணும் கலந்து நிரப்ப வேண்டும். முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற தாழ்ந்த பகுதிகளில் குழியை நம்பாதீர்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் அங்கே வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. மண்ணைக் குவித்து, மேட்டின்மேல் நடுவதே சரி.

கன்று இடுப்புயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி, நாலு திசைக்கு நாலு கிளைகளை மட்டும் விடுங்கள். முதல் வருடப் பூக்களை உதிர்த்துவிடுவது நல்லது.

பலரும் கைவிடுவது கவாத்தைத்தான். கொய்யா புதுத்தளிரில்தான் பூக்கும். வெட்டாத மரம் மாடிக்கு மேலே ஏறி, உச்சியில் காய்த்து, அணிலுக்கும் வௌவாலுக்கும் விருந்தாகும். பிப்ரவரி-மார்ச்சிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் கிளை நுனிகளை அரையடி வெட்டுங்கள். உள்நோக்கி வளர்வதை அடியோடு எடுத்துவிடுங்கள். மார்ச்சிலும் அக்டோபரிலும் தொழு உரம் இடுங்கள். தாழ்ந்த மரத்தில் காற்றின் பிடி குறைவு என்பதால், 2016-ல் வந்த வர்தா போன்ற புயலிலும் தப்பிக்கும் வாய்ப்பு அதிகம்.

இலையடியில் வெள்ளைப்பூச்சி படிந்து மேலே கரும்பூசணம் பிடித்தால் பக்கத்துத் தென்னையைப் பாருங்கள். 2016-ல் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ கொய்யாவுக்கும் வரும். கடும் மருந்து அதன் இயற்கை எதிரிகளையும் கொன்றுவிடும். குழாய்த் தண்ணீரை இலையடியில் வேகமாகப் பீய்ச்சுங்கள். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளியுங்கள்.

பழ ஈயால்தான் பழத்துக்குள் புழு வருகிறது. காய் எலுமிச்சை அளவு வந்ததும் காகிதப் பையோ வலைப்பையோ கட்டிவிடுங்கள். விழுந்த பழத்தை மரத்தடியில் விட்டால் புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்ப வரும். அன்றன்றே பொறுக்கி, பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். பூத்த நாலைந்து மாதத்தில் காய் பழுக்கும். கரும்பச்சை வெளுத்து மஞ்சளோடும்போது பறித்துவிடுங்கள்.