பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவியும் அதன் உபயோகங்களும்

இறவைப் பாசனம் செய்யும் குடியானவருக்கு மின்சாரம் வரும் நேரமே வேலை நேரமாகும். அது நள்ளிரவில் வருமாயின், கைவிளக்கோடு வரப்பின்மேல் நடந்து சென்று மோட்டாரைப் போட்டு, மடையை மாற்றி, விடியுமுன் மறுபடியும் போய் நிறுத்தவேண்டியிருக்கிறது. பாம்புக் கடியும், ஈரக் கையால் சுவிட்சைத் தொடுவதனால் நேரும் விபத்தும் இவ்வேலையோடு கூடப் பிறந்த அபாயங்கள். மின்சாரம் வந்தவுடன் தானே மோட்டாரைக் கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பலர் இதற்காகவே வைத்திருக்கின்றனர். ஆனால் அக்கருவி மோட்டாரைக் கிளப்புமேயன்றி, எந்தப் பாத்திக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் பாய்ந்தது என்பதை அறியாது. மின்சாரம் நின்று நின்று வரும் நாளில் முதல் வயல் மூழ்குவதும் கடை வயல் காய்வதும் இதனால்தான். வேலையின் வரிசையை மறவாமல் நினைவில் வைத்து நடத்தும் கருவியொன்று ஆலைகளில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து வருகிறது. புரோகிராமபிள் லாஜிக் கண்ட்ரோலர் என்பது அதன் பெயர், சுருக்கமாகப் பி.எல்.சி. என்பர்.

தோன்றிய வரலாறு

அமெரிக்காவில் மோட்டார் வண்டி செய்யும் ஆலைகளில், யந்திரங்களை வரிசையாக ஓட்டவும் நிறுத்தவும் ஒரு காலத்தில் ரிலேக்களையே உபயோகித்து வந்தனர். பெரிய அலமாரிகளில் நூற்றுக்கணக்கான ரிலேக்கள் கம்பிகளால் பிணைக்கப்பட்டிருக்கும். வண்டியின் மாதிரி மாறுந்தோறும் அக்கம்பிகளையெல்லாம் அவிழ்த்து மறுபடியும் கட்டவேண்டியிருந்தது. இதற்குப் பல நாட்களும் பெரும் பொருளும் செலவாயின. கம்பியை மாற்றாமல் எழுத்தை மாற்றினால் போதுமென்னும்படியான ஒரு கருவி வேண்டுமென்று, 1968ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஒரு பிரிவினர் கேட்டனர். டிக் மார்லி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் மாசசூசெட்ஸ் மாகாணத்துப் பெட்ஃபோர்டு நகரில் அதனைச் செய்து, 1969இல் அளித்தனர். அது அவர்களுடைய எண்பத்து நான்காவது வேலையானமையால் 084 என்று பெயர் பெற்றது. ரிலே வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த மின்சாரத் தொழிலாளி எவரும் புதுப் பயிற்சி அதிகமின்றிப் படிக்கும்படி, அதன் கட்டளைகள் ஏணிப்படி போன்ற படமாகவே எழுதப்பட்டன. அம்முறை இன்றும் வழக்கிலிருக்கிறது.

வேலை செய்யும் விதம்

இக்கருவி செய்வது மூன்றே காரியம். மிதவை, அழுத்தமானி, பொத்தான் முதலியவற்றிலிருந்து வரும் செய்திகளை முதலில் படிக்கிறது. அடுத்து, தன்னுள் எழுதிவைத்த கட்டளைகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாய் ஆராய்கிறது. முடிவில், மோட்டார், வால்வு, மணி ஆகியவற்றிற்கு உத்தரவு அனுப்புகிறது. உடனே மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. இவ்வாறு ஒரு நொடிக்குள் பல தடவை சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்று உரிய நேரத்தில் முடியாவிடின் உட்காவல் கடிகாரமொன்று அதனைத் தடுத்து நிறுத்திவிடும். ஆலையின் தூசி, அதிர்ச்சி, வெப்பம் ஆகியவற்றைத் தாங்கும்படி செய்யப்பட்டிருப்பது இதன் மற்றொரு சிறப்பு.

பாசனத்தில்

எட்டு வால்வுகளுள்ள ஒரு சொட்டுநீர்த் தோட்டத்தை உதாரணமாகக் கொள்வோர்க்கு இதன் பயன் எளிதில் விளங்கும். மூன்று பேஸ் மின்சாரமும் சரியாக வந்திருக்கிறதா என்று கருவி பார்க்கிறது. ஒரே மின்பாதையிலுள்ள மோட்டார்கள் அனைத்தும் ஒருங்கே கிளம்பினால் அழுத்தம் வீழுமாதலால், குறித்த சில நிமிஷம் காத்திருந்து பிறகே மோட்டாரைக் கிளப்புகிறது. சில நொடிக்குள் குழாயில் தண்ணீர் வரவில்லையெனில் மோட்டாரை நிறுத்தி மணியடிக்கிறது. தண்ணீரில் மூழ்கியோடும் மோட்டாருக்குத் தண்ணீரே குளிர்ச்சி தருவதாகையால், வறண்ட கிணற்றில் ஓடினால் அது சீக்கிரம் கருகிவிடும் என்பதைக் கையைச் சுட்டுக்கொண்டவர் அறிவர்.

ஒரு வால்வு மூடுமுன் அடுத்ததைத் திறந்துவிட்டால் குழாய் வெடிப்பதில்லை. இவ்வரிசையைக் கருவி ஒருபோதும் மாற்றாது. வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் அதிகரித்தால், அடைப்பு ஏற்பட்டதென்று உணர்ந்து எதிர்த்திசையில் நீர்விட்டுக் கழுவுகிறது. உரத்தை நீரோடு கலந்துவிடுகையில், முதலில் வெறும் நீரும், நடுவில் உரநீரும், கடைசியில் குழாயைக் கழுவ மறுபடியும் வெறும் நீரும் விடுகிறது.

யாவற்றிலும் முக்கியமானது இதன் ஞாபகசக்தி. ஐந்தாம் வால்வில் 17 நிமிஷம் பாய்ந்தபின் மின்சாரம் நின்றதென்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண நேரக் கருவி பல, மின்சாரம் திரும்பியதும் முதல் வால்விலிருந்தே தொடங்கும். தக்கவாறு எழுதப்பட்ட பி.எல்.சி.யோ, ஐந்தாம் வால்வின் பதினெட்டாவது நிமிஷத்திலிருந்து தொடங்கும். கடைமடைப் பயிர் பிழைப்பது இந்த ஒரு குணத்தினால் என்று சொல்லலாம்.

பண்ணையிலும் கிராமத்திலும்

நெல் உலர்த்தும் யந்திரங்களில் காற்றின் வெப்பத்தை இது காத்துத் தரும். விதை நெல்லை 43 பாகை செண்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் உலர்த்தினால் முளைப்புச் சக்தி கெடும். உறக்கம் வந்த ஆள் அதனைக் கவனியாது விடக்கூடும், கருவி விடாது. பாலைக் கறந்தவுடன் 4 பாகைக்குக் குளிரச் செய்தலும், பாற்குழாய்களை நீர், காரம், அமிலம் என்ற முறைப்படி கழுவுதலும் இதன் பொறுப்பில் விடத்தக்கவை. கோழி முட்டை பொரிக்கும் 21 நாட்களில் முதல் 18 நாட்கள் முட்டைகளை அடிக்கடி திருப்பவேண்டிய வேலையும் அத்தகையதே.

கிராமக் குடிநீர்த் தொட்டிகளுக்கும் இது பொருந்தும். தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தித் தண்ணீர் வழிந்து வீணாகாமல் தடுக்கும். இரண்டு மோட்டார்கள் இருப்பின் முறைவைத்து மாற்றி மாற்றி ஓட்டும். ஒன்று பழுதானால் மற்றதைக் கிளப்பும்.

எதிர்பாராத இடங்களில்

கேளிக்கைப் பூங்காக்களில் மேடு பள்ளமாகச் சுழன்றோடும் ரோலர் கோஸ்டர் வண்டிகளைக் காப்பது பெரும்பாலும் இக்கருவியே. தண்டவாளத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, முன் பகுதி காலியானாலன்றிப் பின்வண்டியின் தடையை அது விடுவதில்லை. நாடக அரங்கில் திரைகளை ஏற்றி இறக்கவும், இசைக்கேற்ப நீரூற்றுக்களை எழுப்பவும் இதனைக் கொள்கின்றனர். ஜெனீவா நகரின் அருகில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள செர்ன் ஆராய்ச்சி யந்திரத்தின் காந்தங்கள் பூஜ்யத்திற்குக் கீழே சுமார் 271 பாகைக்குக் குளிர்விக்கப்படுகின்றன. அக்குளிர்ச்சி நிலையங்களை நடத்துவனவும் பி.எல்.சி. கருவிகளே. கேளிக்கை வண்டிக்கும் விஞ்ஞானக் கூடத்துக்கும் தென்னந்தோப்புக்கும் பொதுவானது யாதெனில், இன்னதன்பின் இன்னது என்னும் ஒழுங்கே.

ஓர் எச்சரிக்கை

சொன்னதைச் செய்யும் ஏவலாள், சொன்னவர் யாரென்று பார்ப்பதில்லை. 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25ஆம் தேதி, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து அலிக்கிப்பா நகரின் குடிநீர் நிலையமொன்றில் அழுத்தத்தைக் காத்துவந்த பி.எல்.சி.யினுள் அந்நியர் இணையத்தின் வழியாகப் புகுந்தனர். கடவுச்சொல்லில் அசட்டையும், கருவியைக் காவலின்றி இணையத்தோடு பிணைத்து வைத்ததும் இத்தகைய ஊறுகளுக்கு இடங்கொடுத்தனவென்று அந்நாட்டு அதிகாரிகள் அறிவித்தனர். நிலையத்தார் கருவியை விலக்கிக் கையால் யந்திரத்தை நடத்தியமையால் மக்களுக்குத் தண்ணீர் தடைப்படவில்லை. கையால் ஓட்டும் வழி இருந்திராவிடின் நிலைமை வேறாயிருக்கும்.

வாங்குமுன் கவனிக்கத்தக்கவை

1. ஒரே வால்வும் ஒரே மோட்டாருமுள்ள சிறு நிலத்துக்கு இது வேண்டியதில்லை. ஆட்டோ ஸ்டார்ட்டரும் மலிவான நேரக் கருவியும் போதும். வால்வுகள் பலவாகி, உரமும் நீரோடு செல்லும் இடத்திலேதான் செலவுக்குத் தக்க பலன் உண்டு.

2. வேலையின் வரிசையை முதலில் காகிதத்தில் எழுதுக. மின்சாரம் நின்றால் என்ன, கிணறு வற்றினால் என்ன, வால்வு திறவாவிடின் என்ன என்ற கேள்விகளுக்கும் அதில் விடையிருக்க வேண்டும். எழுதாததைக் கருவி செய்யாது. மிதவையோ மானியோ பொருத்தப்படாத இடத்தில் நடப்பதை அது அறியவும் மாட்டாது.

3. கையால் ஓட்டும் சுவிட்சு அவசியம் இருக்கவேண்டும். அபாய காலத்தில் நிறுத்தும் பொத்தான் கருவியின் கட்டளையை நம்பியிராமல், மின்சாரத்தை நேராகவே துண்டிப்பதாயிருத்தல் வேண்டும்.

4. கட்டளை எழுத்தின் பிரதியையும் கடவுச்சொல்லையும் நிலக்காரரே வைத்துக்கொள்ள வேண்டும். அமைத்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் கருவி பூட்டிய பெட்டியாகிவிடும். ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுதல் நலம்.

5. இடி மின்னலிலிருந்து காக்கும் சாதனமும் நல்ல எர்த் கம்பியும் இன்றி இதனை வைக்கலாகாது. எறும்பும் பல்லியும் புகாதபடி பெட்டியை அடைத்து, வெயில் படாத இடத்தில் பொருத்தவேண்டும்.

6. வாரத்துக்கொரு முறையேனும் வயலைச் சுற்றி வந்து, ஒவ்வொரு வால்வும் உண்மையில் திறந்து மூடுகிறதா என்று நேரிற் பார்த்தல் வேண்டும்.

இக்கருவி உழவனுடைய அறிவுக்குப் பதிலாக வருவதன்று. எந்தப் பயிருக்கு எத்தனை தண்ணீர் என்று தீர்மானிப்பவர் குடியானவரே. தீர்மானித்ததை நள்ளிரவிலும் மழையிலும் தவறாமல் நிறைவேற்றுவதே இதன் கடமை. தம் தோட்டத்து வேலையை ஒரு தாளில் வரிசையாக எழுதத் தெரிந்தவர், இக்கருவியை உபயோகிக்கப் பாதி கற்றுவிட்டார் என்றே சொல்லலாம். எழுதியபின் கருவி வேண்டியதில்லையென்று தோன்றினாலும் நஷ்டமில்லை. அத்தாளே மடைகட்டும் ஆளுக்கு நல்ல வழிகாட்டியாகும்.