உம்மாவின் முகத்தில் அஸர் வெயில்



"உங்கட மூத்தம்மா எப்படி இருப்பாங்க, வாப்பா?" என்று என் மகள் ஒருநாள் கேட்டாள். காட்ட என்னிடம் படம் இல்லை. வீட்டிலிருந்த படங்களை 2004 டிசம்பர் 26 அன்று கிண்ணியாவுக்குள் புகுந்த கடல் கொண்டுபோய்விட்டது. உறவினர் ஒருவரிடம் ஒரேயொரு படம் எஞ்சியிருந்தது. 2009இல் பாலம் திறக்கப்படுவதற்கு முந்தைய காலத்தில், படகுத்துறையில் நடுப்பகலில் எடுத்தது. அதில் மர்ஹூமாவின் முக்காடு பளிச்சென்று தெரிகிறது. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கருநிழல்களே உள்ளன.

இன்று உங்கள் கையிலேயே கேமரா இருக்கிறது. ஆனாலும் அதே பிழை தொடர்கிறது.

நிழலை அளந்து பாருங்கள்

மேல்நாட்டுப் புத்தகங்கள் இலையுதிர் காலத்தைப் படமெடுக்க ஏற்ற பருவம் என்கின்றன. அங்கே அப்போது சூரியன் பகலிலும் தாழ்வாக நிற்கும். திருகோணமலையிலோ ஒக்டோபரிலும் உச்சிவெயில் தலைக்கு மேலிருந்து விழுகிறது. மாலையில் சூரியன் விரைந்து இறங்கிவிடும். இதமான வெளிச்சம் ஏறத்தாழ ஒரு மணி நேரமே கிடைக்கும்.

அந்த நேரத்தை அறியும் வழி உங்களுக்குத் தெரிந்ததுதான். நிழலைக் கொண்டே அஸரின் நேரத்தை அறிகிறோம். அஸரைத் தொழுதுவிட்டு, உங்கள் நிழல் உங்கள் உயரத்தைப் போல் மூன்று மடங்காக நீளும்வரை பொறுத்திருங்கள். அப்போது ஒளி பக்கவாட்டில் வந்து கண்ணுக்குள் எட்டும். மஃரிபுக்கு முன் வேலையை முடித்துவிடலாம்.

டச்பே, உப்புவெளி போன்ற கிழக்குக் கரைகளில் காலைச் சூரியன் கடலிலிருந்து எழும். அப்போது கடலை முதுகில் வைத்து நின்றால் முகம் இருண்டுவிடும். கடல் பின்னணியாக வேண்டுமானால் மாலையே நல்லது.

பகலில்தான் எடுக்க வேண்டுமென்றால் விறாந்தையின் ஓரத்தில், வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்காரச் சொல்லுங்கள். மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தால், ஒளி அதில் பட்டு முகத்தில் விழும். மெல்லிய மேகம் மூடிய நாளில் எந்த நேரமும் ஏற்றதே.

வெள்ளை முக்காடு நிறைய இடத்தை அடைத்தால் கேமரா ஏமாந்து முகத்தைக் கறுக்கச் செய்யும். போன் திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். மிக நெருங்கி எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரியும். இரண்டடி பின்னால் தள்ளி நில்லுங்கள்.

திருத்தம் எதுவரை?

வெளிச்சத்தைக் கூட்டலாம், நிழலைச் சற்றுத் தளர்த்தலாம், ஓரங்களை வெட்டலாம். ஆனால் தோலை வெளுப்பாக்கி, சுருக்கங்களை அழிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். உம்மாவின் நெற்றிச் சுருக்கம் அவர் பிள்ளைகளுக்காகப் பட்ட பாட்டின் அடையாளம். அதை அழித்தபின் மிஞ்சுவது யாருடைய முகம்?

அமானிதம்

படம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் பகீத் அல்முதீஈ, கேமரா நிழலைப் பிடித்து வைக்கிறதே தவிர எதையும் படைப்பதில்லை என்று விளக்கினார். கூடாது என்போரும் உள்ளனர். உங்கள் வீட்டாரின் நிலைப்பாட்டை மதியுங்கள். ஆனால் எடுத்த படம் அமானிதம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. சம்மதமின்றி எடுக்காதீர்கள். வீட்டுப் பெண்களின் படத்தை அவர்களைக் கேட்காமல் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

போன் உடையும், தொலையும். நல்ல படங்களை வேறோர் இடத்திலும் சேமியுங்கள். ஒன்றைக் காகிதத்தில் அச்சிட்டு, வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்துவையுங்கள். எங்கள் மூத்தம்மாவின் அந்த ஒரு படம் தப்பியது அப்படித்தான்.

இன்று அஸருக்குப் பின் உங்கள் உம்மாவை விறாந்தைக்கு அழைத்து வாருங்கள். படம் எடுக்காவிட்டாலும், அந்த முகத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள்.