மீந்த சோறு மாட்டுக்கு விருந்தல்ல

சென்னை மயிலாப்பூர் மாட வீதிகளிலும், தி.நகர், அடையாறு தெருக்களிலும் பசுக்களுக்குச் சோறு, பொங்கல், வாழைப்பழம் கொடுப்பதைப் புண்ணியமாக நினைப்பவர்கள் பலர். கிராமத்தில் மாட்டுப் பொங்கலன்று நாமும் இதையேதான் செய்கிறோம். அளவு மீறினால் அந்தச் சோறே பசுவின் உயிருக்கு எமனாகும்.

வயிற்றில் நடப்பது என்ன?

பசுவின் முதல் வயிற்றில் கார அமில நிலை 6 முதல் 7 வரை இருக்க வேண்டும். சோறு அதிகமானால் வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலம் பெருகும். கார அமில நிலை 5.5க்குக் கீழே இறங்குவதே அசிடோசிஸ் எனும் அமில நோய்.

புரதம் எங்கே போகிறது?

பசுவுக்குக் கிடைக்கும் புரதத்தில் பாதிக்கும் மேல், முதல் வயிற்றில் வளரும் நுண்ணுயிர்கள் குடலில் செரிப்பதால் வருகிறது. அமிலம் கூடினால் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் முதலில் அழியும். பிறகு நீங்கள் எவ்வளவு புண்ணாக்கு வைத்தாலும் முழுப் பலன் கிடைக்காது.

அமிலம் ரத்தத்தில் ஏறினால் சிக்கல் முற்றும். அதைச் சிறுநீரில் வெளியேற்ற சிறுநீரகத்துக்கு அம்மோனியா தேவை. அதற்காக உடல் தன் தசைப் புரதத்தையே கரைக்கும். சிறுநீரக நோயாளிகள் மெலிவதற்கும் இது ஒரு காரணம்.

அறிகுறிகள்

தீவனம் எடுக்காது, அசை போடாது. புளித்த வாடையுடன் கழிச்சல், தள்ளாட்டம் இருக்கும். முற்றினால் படுத்துவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு வைக்கும் வீடுகளில் இவை வெளியே தெரியாது; பாலில் கொழுப்புச் சத்து குறையும், மாடு மெலியும். புரதம் போதவில்லை என்று எண்ணி அடர்தீவனத்தைக் கூட்டினால் அமிலம் இன்னும் ஏறும்.

என்ன செய்யலாம்?

அதிகச் சோறு தின்றது தெரிந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் 1962 எண்ணில் நடமாடும் கால்நடை ஊர்தியை அழையுங்கள். மாடு நன்றாக நின்று விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும், 100 கிராம் ஆப்ப சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மெதுவாகப் புகட்டலாம். படுத்த மாட்டுக்குப் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

அரிசி, மாவு மூட்டைகளை மாட்டுக்கு எட்டாமல் வையுங்கள். முதலில் வைக்கோல், பிறகு அடர்தீவனம் கொடுங்கள். தீவனத்தை மாற்றுவதானால் இரண்டு வாரங்களில் படிப்படியாக மாற்றுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்கள் பொங்கலுக்கு முன்பே இதை ஊரில் சொல்லிவிட வேண்டும். புண்ணியம் தேடுவோருக்கு அகத்திக்கீரை இருக்கிறது. அதில் புரதமும் உண்டு.