கை வரும், கால் வரும்... கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும்!

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் யாருக்காவது 'வாதம் அடித்துவிட்டது' என்றால் என்ன நடக்கும்? உடனே ஒரு காரைப் பிடித்து மதுரைக்கோ திருச்சிக்கோ பறப்பார்கள். ஸ்கேன், ஐ.சி.யூ., ஊசி, மருந்து என்று பத்து நாள் போராட்டம். 'உயிருக்கு ஆபத்தில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்' என்று டாக்டர் சொன்னதும், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு ஊர் திரும்புவார்கள். அப்பாடா, கண்டம் தாண்டியாச்சு!

ஆனால், டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியை எத்தனை பேர் கவனிக்கிறோம்? மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே 'பிசியோதெரபி' என்று ஒற்றை வார்த்தை இருக்கும். ஆச்சி மறுபடி தன் கையால் சாப்பிடப் போகிறாரா, யாராவது ஊட்டிவிட வேண்டுமா? தானே பாத்ரூம் போவாரா, கட்டிலோடு கிடப்பாரா? இதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒற்றை வார்த்தையில்தான் இருக்கிறது.

'அதுக்கென்ன, யாராவது வந்து எண்ணெய் போட்டு நீவிவிட்டாப் போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. 'புறா ரத்தம் தடவினா சரியாப் போயிரும்' என்று அக்கறையாகச் சொல்லும் உறவுக்காரர்களும் உண்டு. எண்ணெய் தேய்த்தால் உடம்புக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். புறா ரத்தத்தால் புறாவுக்குத்தான் நஷ்டம். நோயாளிக்கு எந்த லாபமும் இல்லை.

கெட்டுப்போனது கை அல்ல!

பக்கவாதத்தில் கையும் காலும் கெட்டுப்போவதில்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ, கைக்கு உத்தரவு போடும் இடம் பழுதாகிறது. தசை அப்படியேதான் இருக்கிறது. 'தூக்கு' என்ற சேதிதான் வந்து சேரவில்லை.

காரைக்குடியிலிருந்து மதுரைக்குத் திருப்பத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸுக்குப் பாதை அடைபட்டால் என்ன செய்வார்கள்? சிவகங்கை வழியாகச் சுற்றிப் போவார்கள். முதல் நாள் தடுமாற்றமாக இருக்கும். போகப் போகப் பழகிவிடும். மூளையும் இப்படித்தான். பழுதான பகுதியின் வேலையைப் பக்கத்துப் பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். ஆனால், தானாகக் கற்காது. சரியான அசைவை, சரியான முறையில், திரும்பத் திரும்பச் செய்ய வைக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பவர்தான் நரம்பியல் பிசியோதெரபிஸ்ட்.

யார் இவர்? என்ன படிக்கிறார்?

பிளஸ் டூ முடித்தவர் சேரும் படிப்பு பி.பி.டி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நாலரை வருஷமாக இருந்து வந்தது. தேசிய ஆணையம் 2025-ல் வெளியிட்ட புதிய பாடத்திட்டம் இதை ஐந்து வருஷமாக ஆக்கியிருக்கிறது.

பி.பி.டி. முடித்தவருக்கு முழங்கால் வலி முதல் மூளை நோய் வரை எல்லாவற்றிலும் அடிப்படை தெரியும். அதற்கு மேல் இரண்டு வருஷம் எம்.பி.டி. இதில் எலும்பு மூட்டு, இதயம் நுரையீரல், விளையாட்டு என்று பல பிரிவுகள் உண்டு; அதில் ஒன்று நரம்பியல். இந்தப் பிரிவை எடுத்தவர் பக்கவாதம், பார்க்கின்சன், தண்டுவடக் காயம், குழந்தைகளின் மூளை முடக்குவாதம் ஆகிய நோயாளிகளோடுதான் அதிக நேரம் இருப்பார். பாடம், வார்டு, ஆய்வுக் கட்டுரை மூன்றும் சேர்ந்ததுதான் இந்தப் படிப்பு.

அமெரிக்காவில் வேறு ஏற்பாடு. அங்கே பிசியோதெரபியில் டாக்டர் பட்டம் வாங்கி, வேலை பார்க்க லைசென்ஸும் வாங்கிய பிறகு, விருப்பப்பட்டவர்கள் 'ரெசிடென்சி' என்ற சிறப்புப் பயிற்சியில் சேரலாம். சுமார் ஒரு வருஷம். நோயாளியைப் பார்த்துக்கொண்டே படிப்பு. அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று, 'இப்போ ஏன் அந்தக் காலைப் பிடிச்சே? ஏன் இந்தப் பக்கம் நின்னே?' என்று கேட்டுக் கேட்டுத் திருத்துவார். இப்படி ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் தரும் வழிகாட்டல் மட்டும் குறைந்தது 150 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது விதி.

'கை காலை ஆட்டிவிட இவ்வளவு படிப்பா?' என்று தோன்றுகிறதா? ஓர் உதாரணம். 'வாதத்துக்கு ரப்பர் பந்தை அமுக்கு' என்று எல்லோரும் சொல்கிறார்கள். விரல்கள் ஏற்கெனவே உள்பக்கமாக மடங்கி இறுகிப்போனவருக்குத் தேவை விரலை விரிக்கும் பயிற்சி. அவர் கையில் பந்தைக் கொடுத்தால் மூடத்தான் பழகுவார், திறக்க மாட்டார். யாருக்குப் பந்து, யாருக்கு வேண்டாம் என்று கையைப் பார்த்ததும் சொல்லத்தான் அந்தப் படிப்பு.

சக்கர நாற்காலியிலிருந்து ஒரு வழிகாட்டி

இந்தத் துறைக்கு நம் மாநிலத்தில் ஒரு பெருமைமிக்க வரலாறு உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் இளம் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அவரோ சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வேலூருக்கே திரும்பினார். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் உருவாக முன்னின்றார். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இன்னொருவர் வி.எஸ்.ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர். கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலியைப் போக்க, 1990-களில் சாதாரணக் கண்ணாடியைப் பயன்படுத்திக் காட்டினார். கண்ணாடியில் தெரியும் நல்ல கையின் பிம்பத்தை, இழந்த கை என்று மூளை எடுத்துக்கொள்கிறது! இதே உத்தியைப் பக்கவாத நோயாளிகளிடம் சோதித்த முடிவுகள் 1999-ல் வெளிவந்தன. இன்று உலகெங்கும் பிசியோதெரபிஸ்டுகள் இதைச் செய்கிறார்கள். இதற்கு உங்கள் வீட்டுக் கூடத்துப் பெல்ஜியம் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடியே போதும். முறையைப் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுச் செய்யுங்கள்.

எப்போது தொடங்குவது?

'சீக்கிரம்' என்றால் அன்றைக்கே எழுப்பி நடக்க வைப்பதில்லை. முதல் 24 மணி நேரத்துக்குள் அதிகமாக எழுப்பி நடக்க வைப்பது நல்லதற்குப் பதில் கெடுதலாகலாம் என்று 2015-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. டாக்டர் அனுமதித்ததும், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி... இதுதான் சரி.

முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். 'குளிர்காலம் போகட்டும், மகன் சிங்கப்பூரிலிருந்து வரட்டும்' என்று தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதம் ஆனவர்களும் மனம் தளர வேண்டாம்; மெதுவாகத்தான் என்றாலும் அதற்குப் பிறகும் முன்னேற முடியும். எல்லாக் கையும் பழையபடி வந்துவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் மட்டும் நம்பாதீர்கள்.

செட்டிநாட்டு வீடு: வில்லனும் அதுவே, ஜிம்மும் அதுவே!

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் வயதானவர்கள் மட்டும் இருப்பதுதான் அதிகம். ஆத்தங்குடி கல் பதித்த தரை பளபளவென்று அழகு. ஈரம் பட்டால் வழுக்கும். பக்கவாதத்தில் பாதம் தொங்கிவிட்டவருக்கு ஒவ்வொரு நிலைப்படியும் ஒரு கண்டம். ஈரத்தை உடனே துடையுங்கள். வழுக்காத செருப்பு போடச் சொல்லுங்கள். பாத்ரூமில் பிடிமானக் கம்பி வையுங்கள். படுக்கையை முகப்பிலிருந்தோ மாடியிலிருந்தோ பாத்ரூமுக்குப் பக்கத்தில் மாற்றுங்கள்.

அதே வீடு நல்ல பயிற்சிக்கூடமும்கூட. வளவைச் சுற்றியுள்ள நீண்ட தாழ்வாரத்தில் ஒருவர் துணையோடு தூணுக்குத் தூண் நடக்கலாம். இன்று இரண்டு தூண், அடுத்த வாரம் நாலு தூண். விரல் பயிற்சிக்குப் பல்லாங்குழி முத்து எடுத்துப் போடலாம், தாயம் உருட்டலாம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவலாம், கொட்டான் முடையலாம். அர்த்தமில்லாமல் கையை ஆட்டுவதைவிட, பழகிய வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் மூளைக்குப் பிடித்த பாடம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது! அந்தத் தோள் மூட்டு தளர்ந்திருக்கும். இழுத்தால் நழுவி, தீராத வலியில் கொண்டுவிடும். இடுப்பில் பிடித்துத் தூக்குங்கள். உட்காரும்போது கைக்குக் கீழே தலையணை வையுங்கள்.

பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்

● என்ன படித்திருக்கிறீர்கள்? பக்கவாத நோயாளிகளைப் பார்த்த அனுபவம் உண்டா?

● பயிற்சிக்கு முன் கை, கால், சமநிலை எல்லாவற்றையும் சோதித்துக் குறித்துக்கொள்வீர்களா? எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதிப்பீர்கள்?

● இந்த மாத இலக்கு என்ன? 'நல்லா வந்துரும்' என்பது பதில் அல்ல. 'பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து எழுவது' என்பது பதில்.

● வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? எதைச் செய்யக் கூடாது?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். பிசியோதெரபிஸ்ட் வருவது ஒரு மணி நேரம். மீதி 23 மணி நேரமும் நீங்கள்தான். பயிற்சியின்போது புதிதாக ஏதாவது அங்கம் பலவீனமானாலும், நெஞ்சு வலித்தாலும், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வசதியில்லை என்றால்?

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வரும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரை வரை அலைய முடியாதவர்கள் அங்கே விசாரிக்கலாம்.

உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண்ணோ பையனோ இருந்தால் இந்தப் படிப்பையும் யோசித்துப் பாருங்கள். சேர்க்கை விதிகள் மாறி வருவதால், சேரும் வருஷத்து அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் ஊரில் என்று ஆகிவிட்ட நம் பக்கத்தில், விழுந்தவரை எழுப்பி நடக்கவைக்கத் தெரிந்த ஒருவர் உள்ளூரிலேயே இருந்தால் எத்தனை வீட்டுக்கு நிம்மதி!