எந்த மோட்டார் வாங்கலாம்? கடைக்குப் போவதற்கு முன் சாலையைப் பாருங்கள்

மலேசியாவில் 16 வயது நிரம்பினால் பி2 லைசென்ஸ் எடுக்கலாம். அதை வைத்துக்கொண்டு 250 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளை ஓட்டலாம். லைசென்ஸ் கைக்கு வரும் முன்பே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். அப்பா கப்சாய் போதும் என்பார். மகனுக்குக் கிளட்ச் வைத்த 150 சிசி வேண்டும். தீபாவளிக்கு வந்த மாமா, ஸ்கூட்டரைப் போல வசதி வேறு எதிலும் இல்லை என்பார். மூவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் மூவரும் வெவ்வேறு பயணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

நம் பேச்சுவழக்கில் எல்லாவற்றுக்கும் ‘மோட்டார்’ என்ற ஒரே சொல்தான். தோட்டத்தில் மூட்டை ஏற்றும் வண்டியும் மோட்டார், உலு யாம் மலைச்சாலையில் ஞாயிறு காலை சீறிப் போவதும் மோட்டார். பெயர் ஒன்றாக இருப்பதாலோ என்னவோ, வேலையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

ஒரு மோட்டார் சைக்கிளை வடிவமைப்பவர் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தே ஆகவேண்டும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தைக் குறைத்தால், நெரிசலில் சட்டென்று வளைத்துத் திருப்பலாம். அதே வண்டி வேகமெடுக்கும்போது சிறு மேடு பள்ளத்துக்கும் அலைபாயும். தூரத்தைக் கூட்டினால் நெடுஞ்சாலையில் நூல் பிடித்ததுபோல் ஓடும், ஆனால் ஒட்டுக்கடை வாசலில் திருப்ப இரண்டு முறை முன்னும் பின்னும் தள்ளவேண்டியிருக்கும். ஹோண்டா இஎக்ஸ்5-இல் இந்தத் தூரம் சுமார் 120 செ.மீ., நெடும்பயணத்துக்கென்றே செய்யப்பட்ட ஹோண்டா கோல்டுவிங்கில் சுமார் 170 செ.மீ. எடை, சக்கர அளவு, இருக்கை உயரம், டயர் என்று எதை எடுத்தாலும் இதே கணக்குதான்.

கப்சாயை எடுத்துக்கொள்வோம். ஹோண்டா 1958-இல் கொண்டுவந்த சூப்பர் கப் வழிவந்த வண்டி இது. அந்த வரிசையில் 2017-க்குள் 10 கோடி வண்டிகள் தயாராகிவிட்டன. உலகில் இவ்வளவு விற்ற மோட்டார் வாகனம் வேறில்லை. எல்லாருக்கும் ஏற்ற மோட்டார் என்று ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், அதற்கு மிக அருகில் வருவது இதுதான். எடை சுமார் 100 கிலோ. மழையில் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் புதைந்தால் ஒரே ஆள் தூக்கி வெளியே இழுத்துவிடலாம். கிளட்ச் பிடி இல்லாததால் இடதுகை சும்மா இருக்கும். டேங்க் இருக்கைக்கு அடியில் இருப்பதால் காலைத் தூக்கி வீசி ஏறவேண்டியதில்லை. கைலி கட்டிய தாத்தாவும் ஏறலாம், சேலை கட்டிய அம்மாவும் ஓட்டலாம். 17 அங்குலச் சக்கரம் குழிகளை ஓரளவு தாங்கும். உதிரிப் பாகம் எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் கிடைக்கும்.

இத்தனை நன்மைக்கும் அது கொடுத்த விலை வேகம். 110 சிசி எஞ்சின், சுமார் 8 குதிரைத்திறன். தாமானுக்குள் அது தாராளம். ஆனால் தீபாவளிக்கு முதல்நாள் கோலாலம்பூரிலிருந்து சுங்கைப் பட்டாணிக்கு அதிலேயே புறப்படும்போது கதை மாறுகிறது. ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பிளஸ் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை, பஸ் டிக்கெட்டும் தேடவேண்டாம் என்று பலர் கிளம்புகிறார்கள்.

நெடுஞ்சாலையில் கார்கள் 110 கிலோமீட்டரில் போகும். கப்சாய் நிம்மதியாக ஓடுவது 80-இல். எதிர்க்காற்றை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயரும். 80-இலிருந்து 110-க்குப் போக ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆற்றல் வேண்டும். அந்தச் சின்ன எஞ்சினில் அது இல்லை. ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகி மணிக்கணக்கில் ஓட்டினால் எஞ்சின் சூடேறுவது ஒரு பக்கம். பெரிய ஆபத்து, பின்னால் வரும் வாகனத்துக்கும் நமக்கும் உள்ள வேக வித்தியாசம். டிரெய்லர் லாரி பக்கத்தில் கடக்கும்போது அடிக்கும் காற்று 100 கிலோ வண்டியை ஒரு தள்ளுத் தள்ளும். பயந்து பலர் அவசரத் தடத்தில் ஒதுங்கிப் போகிறார்கள். அங்கேதான் பழுதான லாரி விளக்கில்லாமல் நின்றுகொண்டிருக்கும். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனித்தடம் போட்டார்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அப்படியொரு தடம் இல்லை. நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பத்தில் ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும்.

சரி, பெரியதாகவே வாங்கிவிடலாமா? குனிந்து ஓட்டும் ஸ்போர்ட் ரக வண்டியில் 100-ஐத் தாண்டினால் காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும், உடம்பு லேசாகும். அதே வண்டி செராஸ் நெரிசலில் ஊர்ந்தால் முழு உடல் எடையும் மணிக்கட்டில் இறங்கும். முதல் கியரே வேகத்துக்காக அமைக்கப்பட்டது என்பதால் கிளட்சைப் பாதி பிடித்தபடியே போகவேண்டும். எஞ்சின் வெப்பம் தொடையைச் சுடும். பின்னிருக்கை உள்ளங்கை அகலம்தான். மனைவியைக் கோயிலுக்கு அழைத்துப் போகும் வண்டி அதுவல்ல.

தார்ச்சாலைக்கும் மண்சாலைக்கும் ஒன்றே போதும் என்று விளம்பரப்படுத்தப்படும் அட்வென்சர் ரகம் இதற்கு விடை போலத் தோன்றும். பிஎம்டபிள்யூ ஆர்1250 ஜிஎஸ் அதில் பெயர்பெற்றது. நெடும்பயணத்துக்கு அருமையான வண்டிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் எடை சுமார் 249 கிலோ, இருக்கை உயரம் 85 செ.மீ. நம்மவர்களில் பலருக்கு இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியாது. சரிவான இடத்தில் நிறுத்தும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் பிடித்து நிறுத்துவது சிரமம். 250 சிசியைத் தாண்டுவதால் பி2 லைசென்ஸும் செல்லாது. மண்சாலைக்கே பிறந்த மெலிந்த ரகங்களில் வேறு சிக்கல். முண்டு முண்டான டயர் சேற்றைக் கவ்வும், நனைந்த தாரிலோ தரையைத் தொடும் ரப்பர் குறைவு என்பதால் பிரேக் பிடித்தால் வழுக்கும்.

ஸ்கூட்டரைப் பற்றி மாமா சொன்னது தவறில்லை. கியர் மாற்றும் வேலை இல்லை, காலடியில் அரிசிப் பை வைக்கலாம், இருக்கைக்கு அடியில் மழைக்கோட்டு வைக்கலாம். நாளெல்லாம் நின்று நின்று போகும் உணவு விநியோக ஊழியர்களில் பலர் இதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இடது கைக்கும் காலுக்கும் கிடைக்கும் ஓய்வு. ஆனால் சக்கரம் சிறியது. 17 அங்குலச் சக்கரம் உருண்டு கடக்கும் குழியில் 12 அங்குலச் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். வெள்ளம் தேங்கும் பகுதியில் குடியிருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைச் சுழற்றுவது பெல்ட். அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும், எஞ்சின் உறுமும், வண்டி நகராது.

மகன் கேட்கும் யமாஹா ஒய்15 போன்ற 150 சிசி வண்டிகள் நடுவில் நிற்கின்றன. ஷா ஆலமில் தங்கி, வாரம் ஒருமுறை சிரம்பானுக்குப் போய்வரும் மாணவருக்கு அது பொருந்தும். 110 சிசியில் இல்லாத இழுவை உண்டு, லாரியைத் தாண்டத் தெம்பு உண்டு. ஆனாலும் டேங்க் 4 லிட்டர் சொச்சம்தான், எடையும் கப்சாயைவிடச் சற்றுத்தான் அதிகம். பக்கக்காற்று அதையும் தள்ளும்.

நம் பிள்ளைகள் பலர் கையிலிருப்பதை மாற்றி அமைத்தே வேறொன்றாக்கப் பார்க்கிறார்கள். இதுதான் கவலை தருகிறது. வேகத்துக்காக மெல்லிய டயர் போடுவது, உயரத்தைக் குறைப்பது, பக்கக் கண்ணாடியைக் கழற்றுவது. எஞ்சினை மட்டும் பெரிதாக்கினால் பிரேக்கும் சட்டகமும் பழைய வேகத்துக்குச் செய்தவையாகவே இருக்கும். வண்டி 120-இல் ஓடலாம், நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது.

வாங்கும் முன் ஒரு வாரம் எங்கே போகிறோம், எத்தனை கிலோமீட்டர், பின்னால் யார் உட்காருவார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். பெரும்பாலான வீடுகளில் பத்தில் ஒன்பது பயணம் பள்ளிக்கும் வேலைக்கும் சந்தைக்கும்தான் இருக்கும். அந்த ஒன்பதுக்கு வண்டி வாங்கிவிட்டு, பத்தாவது பயணத்துக்கு பஸ்ஸோ ரயிலோ ஏறுவது மாதத் தவணையையும் குறைக்கும். கடைக்குப் போகும்போது பின்னால் உட்காரப்போகிறவரையும் அழைத்துச் செல்லுங்கள். ஓட்டுபவரின் இரு பாதமும் தரையில் படுகிறதா, எஞ்சினை அணைத்துவிட்டுத் தனியாகப் பின்னுக்குத் தள்ள முடிகிறதா என்று பாருங்கள். டயர் ஒரு ஜோடி என்ன விலை, அந்த அளவு உங்கள் ஊர்ப் பட்டறையில் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிட்டே முன்பணம் கட்டுங்கள்.