செம்மஞ்சள் கிழங்கின் செல்வம்

சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்குவோர் பலர், தோலின் சிவப்பையே பார்ப்பர். ஆயின் தோலின் நிறம் உள்ளிருக்கும் சத்தைக் காட்டாது. சிவந்த தோலுக்குள் வெண்மையான சதையும் இருக்கலாம். எனவே சதையின் நிறத்தையே நோக்குதல் வேண்டும்.

மலாய் மொழியில் 'கெலேடெக்' எனப்படும் இக்கிழங்கு, சிங்கப்பூர் மக்களுக்கு ஜப்பானியர் ஆட்சிக் காலத்தை நினைவூட்டுவதாகும். 1942 முதல் 1945 வரை அரிசி அரிதாயிற்று. மக்கள் மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் பயிரிட்டுப் பசியாறினர். எனினும் தயாமின் என்னும் பி-1 ஜீவசத்துக் குறைவால் பெரிபெரி நோய் பலரை வாட்டியது. வயிறு நிரம்புவது வேறு, உடல் ஊட்டம் பெறுவது வேறு என்பதை அக்காலம் உணர்த்திற்று.

இனி, கிழங்கின் கூறுகளைக் காண்போம். செம்மஞ்சள் சதையுள்ள பச்சைக் கிழங்கு 100 கிராமில் நீர் ஏறக்குறைய 77 கிராம். மாவுச்சத்தும் சர்க்கரையும் நார்ச்சத்தும் சேர்ந்து 20 கிராம். அதில் நார் மட்டும் 3 கிராம். புரதம் ஒன்றரை கிராம் அளவே. கொழுப்போ இல்லையென்றே சொல்லலாம். பொட்டாசியம் 337 மில்லிகிராம். இவை யாவும் சேர்ந்து தரும் வெப்பம் 86 கலோரி.

செம்மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பொருள் பீட்டா கரோட்டின். அது 100 கிராமில் ஏறத்தாழ எட்டரை மில்லிகிராம் உண்டு. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கே உடலுக்குள் வைட்டமின் ஏ ஆகப் பயன்படும் என்று கணக்கிடுவர். அவ்வாறு பார்த்தாலும் சுமார் 700 மைக்ரோகிராம் கிடைக்கிறது. வயது வந்த பெண் ஒருத்திக்கு ஒரு நாளைக்கு வேண்டியது அவ்வளவே. வெண்சதைக் கிழங்கில் இச்சத்து மிகச் சொற்பம். ஊதா நிறக் கிழங்கிலோ நிறம் தருவது ஆந்தோசயனின் என்னும் வேறு பொருள்.

மாலைக்கண் நோய்க்கு ஏதுவாவது வைட்டமின் ஏ குறைவு. வெண்கிழங்கு உண்டு பழகிய ஆப்பிரிக்க மக்களிடையே அக்குறையைப் போக்கச் செம்மஞ்சள் வகையைப் பரப்பிய மரியா ஆண்ட்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகிய மூவரும் 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஆகவே வெறும் கிழங்கை உண்பதைவிடச் சிறிது எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்த்து உண்டால் உடல் அதனை நன்கு ஏற்கும். தேங்காய்ப்பாலில் கிழங்கிட்டுக் காய்ச்சும் 'புபூர் சாசா' இவ்வகையில் பொருத்தமான பண்டமே. சர்க்கரையை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். நீரிழிவுடையோர் சுட்ட கிழங்கைவிட அவித்ததை அளவோடு உண்பது நன்று. சுட்டது இரத்தத்தில் சர்க்கரையை விரைந்து ஏற்றும்.

இத்தனை சிறப்பிருந்தும் கிழங்கு ஒன்றே உணவாகிவிடாது. 100 கிராமில் தயாமின் 0.08 மில்லிகிராமே உள்ளது; புரதமும் குறைவு. பருப்பு, மீன், முட்டை ஆகியவற்றுள் ஒன்று உடன் இருத்தல் வேண்டும். பஞ்ச காலத்தில் வேறின்றி உண்ட கிழங்கை, இன்று மற்ற உணவுகளோடு அறிந்து உண்போமாயின், அது கண்ணுக்கும் உடலுக்கும் காவலாகும்.